கதிர் இன்னும் வரவில்லை என்று சொன்னேன்

ஜூலை 19

அன்பு மகள் மினோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தத் தெற்குத் தீவில் நீயும் மாப்பிள்ளை ஷோகெனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். வெயில் தாங்காமல் பகலெல்லாம் மின்விசிறிக்கு முன்னால் கிடக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அந்த வரியை மட்டும் உன் அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் 'அந்த வெயில்ல ஒரு பிடி உறைக்குள்ள போட்டு அனுப்பச் சொல்லு' என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

இங்கே குளிருக்குக் கால் நீட்டிக்கொள்ளும் கணப்பு மேசையை இன்னும் எடுத்து வைக்கவில்லை என்றால் நம்புவாயா. வசந்தம் முழுக்கவே குளிர். மலை மேல் பனி கரைந்து குதிரை உருவம் தெரிந்த பிறகுதான் விதையை ஊறப் போடுவேன் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. குதிரை மூன்று வாரம் பிந்தி வந்தது, அதுவும் வயிறு பெருத்துப் பசு மாதிரி. கூட்டுறவுச் சங்கம் சொன்ன தேதியில் நட்டுவிட்ட பக்கத்து வயல் தொமிதா, 'என்னண்ணே, உங்க குதிரை இன்னும் லாயத்தை விட்டுக் கிளம்பலியா' என்று தினமும் கேட்டு மானத்தை வாங்கினார். இப்போது அவர் கேலி செய்வதில்லை. இந்த மாதம் பிறந்ததிலிருந்தே கடல் பக்கமிருந்து யமாசே குளிர்காற்று அடிக்கிறது, ஒரு நாள்கூட நிற்கவில்லை, காலையில் கதவைத் திறந்தால் மூடுபனியில் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரிவதில்லை, துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம், ஒரு சில்வண்டுகூடக் கத்தவில்லை. கோடை அடுத்த வாரம் வந்துவிடும் என்று வானொலியில் சொல்கிறார்கள், போன வாரமும் அதையேதான் சொன்னார்கள். தொமிதாவின் பயிரில் கதிர் தண்டுக்குள் உருவான நேரம் பார்த்துக் குளிர் இறங்கியது, இனி அதில் பதர்தான். வழியில் பார்த்தபோது, 'அண்ணி, நீங்க பிந்தினதே நல்லதாப் போச்சு' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷமும் இப்படித்தான், அறுப்பு வரைக்கும் கதிர் தலை சாயாமல் விறைத்து நின்றது, நீகூட அழகாக நிற்கிறதே என்றாய். அந்தக் குளிர்காலத்தில்தான் உன் அப்பா டோக்கியோவுக்குச் சுரங்கப்பாதை தோண்டும் கூலி வேலைக்குப் போய் இரண்டு விரல் இல்லாமல் வந்தார். இந்த வருஷமும் பொய்த்தால் மறுபடி போவேன் என்கிறார், அறுபத்து மூன்று வயதில். போனால் முழுசாகத் திரும்பி வருவாரா என்பதுதான் என் பயம், வேறொன்றும் இல்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தாநாள் காலை நம் வயலில் ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே கதிர் இருந்தது, சுண்டுவிரல் நீளம், நனைந்த பட்டுநூல் போல. தொமிதாவின் பயிருக்கு நேர்ந்தது இதற்கும் நேரப்போகிறது என்று பயந்துவிட்டேன். அதை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் உன் அப்பா கிண்ணத்தில் சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருந்தார். 'கதிர் பிடிச்சிருக்கா, பாத்தியா?' என்று கேட்டார், 'இன்னும் இல்லீங்க' என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வயல் பக்கம் போகவே பயந்து வீட்டுக்குள் கிடக்கிறேன். கதிர் வந்த அன்றைக்கே வடிமடையை அடைத்து ஒரு சாண் தண்ணீர் ஏற்றி, அதைக் குளிர்காற்று படாமல் தண்ணீருக்குள் வைத்துக் காக்க வேண்டும், விவசாயி வீட்டுப் பெண் உனக்கே தெரியும். அவர் மனசு நோகக்கூடாது என்று பயிரை இரண்டு நாளாகக் குளிரில் விட்டிருக்கிறேன். இதை எழுதும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைக்கிறது. பேனாவை வைத்துவிட்டு இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

போய் வந்துவிட்டேன், இன்னும் வெளிச்சம் இருக்கிறது. வயலில் தண்ணீர் ஒரு சாணுக்குக் குறையாமல் நின்றது, சுற்றிலும் வரப்பில் புது மண் வைத்து உன் அப்பா உயர்த்தியிருந்தார். எனக்கு முன்னாலேயே அவர் ஒரு தண்டைப் பிளந்து பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே என்னை ஏன் கேட்டீர்கள் என்று கோபமாகக் கேட்டேன். மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, 'நீ இல்லைன்னு சொன்னே பாரு, கொஞ்ச நேரம் அதையே நம்பிட்டு இருந்தேன்' என்றார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். 'ஆமா' என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பயப்படவில்லை என்று நினைத்துத்தான் இத்தனை நாள் நான் தைரியமாக இருந்தேன் போலிருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, நான் அனுப்பிய, உப்பில் ஊறப்போட்ட பிளம் பழத்தைத் தினம் ஒன்று சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பாவிடம் கதிரைப் பற்றிக் கேட்காதே, அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அப்படியா என்று மட்டும் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா கினுயோ