சூசை, அன்று நான் தூக்காத கை

என் உயிருக்குயிரான சூசை,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ கடலோடு போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. குடித்துவிட்டுக் கட்டுமரம் ஏறினான், அதனால் செத்தான் என்று ஊர் இன்றும் சொல்கிறது. உன் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள், குடிகாரன் மகளா என்று திரும்பிப் போகிறார்கள். போன வாரம் உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, அவரு குடிக்கமாட்டாருன்னு நீங்களாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா? படிச்ச ஆளுல்லா" என்றாள். அவள் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாகர்கோவில் கல்லூரியில் அமெரிக்க அரசியலைப் படித்துவிட்டு நான் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ கிழிந்த வலையை முடிந்துகொண்டிருப்பாய். நான் புத்தகத்தை மடியில் வைத்துத் தமிழில் சொல்லுவேன். ஆளப்படுகிறவன் சம்மதிக்காத ஆட்சிக்கு உரிமை இல்லை. சட்டம் செய்கிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் வேறு வேறு ஆளாக இருக்கவேண்டும். எனக்கு அது பரீட்சைப் பாடம். நீதான் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "ஒத்தத் தடி தண்ணியில உருளும் மக்கா. தனித்தனித் தடியச் சேத்துக் கெட்டினாத்தான் ஆளு நிக்க முடியும்."

அதை எழுதியவர்களே அடிமை வைத்திருந்தார்கள் என்று நான் ஏளனம் செய்தேன். "அவன் செஞ்சது அவனோட. நமக்கு அது வேணுமா வேண்டாமா, அதச் சொல்லுலே" என்றாய்.

திருவிதாங்கூர் சட்டசபைக்கு நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் வோட்டு. கடலுக்கு ஏது பட்டா? நம் கரையிலோ, மீனில் பங்கு எடுக்க ஏலம் பிடித்த குத்தகைக்காரரே பங்கை விதித்தார், அவரே எடுத்தார், வழக்கென்று போனால் அவரே தீர்ப்பும் சொன்னார். தீர்ப்புக்கு நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் வேண்டுமென்று கூட்டம் கூட்டினாய். ஒரு பானை போதும், வேண்டுமென்பவன் சிப்பி, வேண்டாமென்பவன் கல், மறைத்துப் போடட்டும் என்றாய்.

நான்தான் கெடுத்தேன். குடியரசில் மனிதன் முகத்தைக் காட்டிச் சொல்லவேண்டும், கையைத் தூக்கட்டும் என்று படிப்பைக் காட்டினேன். அமெரிக்காவிலேயே இப்போது மறைத்துத்தான் வோட்டுப் போடுகிறார்கள். அந்தப் பக்கத்தையும் நான் படித்திருந்தேன்.

"ஏலே, அவரு முன்னால எவன் தூக்குவான்? நீ தூக்குவியா?"

தூக்குவேன் என்றேன்.

குத்தகைக்காரர் கூட்டத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உன் கை மட்டும் உயர்ந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவர் சிபாரிசில் கிடைத்த வாத்தியார் வேலை எனக்கு. என் இரண்டு கையும் குடைக்கம்பைப் பிடித்திருந்தன.

அன்றைக்கே உனக்கு ஊர்விலக்கு. உன்னோடு கட்டுமரம் ஏற ஆள் இல்லை. இரண்டு பேர் துழாவ வேண்டிய மரத்தை, பொங்கும் ஆனிக் கடலில், ஒரு சொட்டும் குடிக்காமல், நீ ஒருவனாகத் தள்ளினாய். கரையில் நின்றவர்களில் ஒருவனும் அசையவில்லை. அவர்களில் ஒருவனையும் நான் மன்னிக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன்.

இதை நாகர்கோவில் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்ததும் சாயாக்கடையில் நானே உரக்க வாசிப்பேன். உன் மகள் காதில் விழும்வரை வாசிப்பேன். இது சத்தியம்.

உன் கூட்டுக்காரன் என்று எழுதி, கீழே பெயரும் எழுதினேன். பிறகு அந்த அடித்துண்டைக் கிழித்துவிட்டேன். வேலை போய்விடும், சூசை. பெயரில்லாதவன் சொன்னால் ஊர் நம்புமா? தெரியவில்லை. இப்படியே கொண்டுபோய் அஞ்சல் பெட்டியில் போடப்போகிறேன்.