அயர்லாந்துக்குச் சம்பந்தம் விசாரித்தது

அன்பு மகள் ஜோதிக்கு அப்பா சொல்லச் சொல்ல நம் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் கீதாஞ்சலி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளை வீரமணியும் பிள்ளைகள் இரண்டும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி.

திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் உடைந்து விழுந்ததே, அந்த வருஷம்தான் நீ நர்ஸ் வேலைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். அந்த ஆடியில்தான் கலைஞர் காலமாகி ஊரெல்லாம் கடை அடைத்துக் கிடந்தது, ஐப்பசிக் கடைசியில் கஜா புயல் வந்து டெல்டாப் பக்கம் தென்னையெல்லாம் படுத்தது. கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்துவிடுவாய் என்றுதான் அனுப்பினோம். இப்போது அங்கே வேலை முடிகிறது, இனி அயர்லாந்துக்குக் குடும்பத்தோடு போய் அங்கேயே இருந்துகொள்வதா, அரியலூருக்குத் திரும்புவதா, வைகாசி முடிவதற்குள் சொல்லியாக வேண்டும் என்கிறாய். "நீங்க வான்னு சொன்னா வந்துடுறோம்ப்பா. அங்க அத்தை இருக்கு, சித்தப்பா இருக்காரு, நம்ம சனத்தோட கெடக்கலாம்" என்று நீ பேசி அனுப்பியதைக் கீதாஞ்சலியைப் போட்டுக்காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டேன். வா என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனாலும் விசாரிக்காமல் சொல்லக் கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது, தேசம் தெரியாது. தெரிந்ததெல்லாம் சம்பந்தம் விசாரிக்கிற முறைதான். பெண் கொடுக்கிற ஊரில் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, முதலில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். வாலிகண்டபுரத்து அமிர்தலிங்கம் மகள் அனுசுயா அயர்லாந்தில் நர்ஸ் என்று நீதானே சொன்னாய். பெரம்பலூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வாலிகண்டபுரத்தில் இறங்கினேன். டீக்கடை அன்பழகன், யார் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அயர்லாந்துக்கு என்றேன். கடையே சிரித்தது. "அந்தச் சம்பந்தத்துல மாமியாரு குளிருதான் பெரியவரே, வருசத்துல முக்கால்வாசி கட்டிலை வுட்டு எறங்காது" என்று ஒருத்தர் சொல்ல, "மாமனாரு மழை, அவரு வூட்டை வுட்டே போவ மாட்டாரு" என்றார் இன்னொருத்தர். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். அனுசுயாவின் அம்மா கிருஷ்ணம்மாள் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். நிலம்நீச்சு உள்ள வீடு, இருந்தாலும் மரியாதையாகப் பேசினார்கள். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாமாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதில்லையாம், தூசி என்பதே இல்லையாம். அனுசுயாவின் பையனுக்கு இங்கே இருந்த மூச்சு இழுப்பு அங்கே போனபின் நின்றுவிட்டதாம். நான் கிளம்பி வாசலுக்கு வந்த பிறகு, "குறைன்னு ஒண்ணும் இல்லீங்க. அவங்க அப்பா செத்தப்பதான் அனுசுயாவால வர முடியல. பக்கத்து வூட்டு மகேஷு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே சுடுகாடு மட்டும் வந்தான், கொள்ளி வைக்கிறப்ப சார்ஜ் எறங்கிப்போச்சு. அதைச் சொல்லி உங்க பொண்ணைப் பயமுறுத்திடாதீங்க" என்றார்கள். விசாரிக்க வந்தவனிடம் குறை சொல்லிச் சம்பந்தத்தைக் கெடுத்த பாவம் வேண்டாம் என்று அத்தனை நேரம் அடக்கி வைத்திருக்கிறார்கள். திரும்புகிற பஸ்ஸில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

நம் பக்கத்தையும் விசாரித்தேன். அரியலூரில் ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைக்கும், ஆனால் உன் அனுபவத்தை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று பார்த்த வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் போகிறது, கொடியில் போட்ட வேட்டி மாவு மில்லுக்குப் போய் வந்தது போல இருக்கிறது. போன தடவை நீங்கள் வந்தபோது பெரியவன் விடிய விடிய மூச்சுக்குத் தவித்தது என் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே ஒன்று நன்றாக இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். வெயில் இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். அதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, ஏன் என்று சொல்கிறேன், மனதைத் திடம் செய்துகொள்.

கிருஷ்ணம்மாள் என்னிடம் செய்ததைத்தான் நாங்கள் உன்னிடம் செய்தோம் ஜோதி. உன் அத்தை கொளஞ்சியம்மாள் இல்லை. போன ஐப்பசி மழையில் ஜுரம் கண்டு படுத்தாள், ஒரு வாரம் தாங்கவில்லை. அப்போது உனக்குச் சின்னவள் வயிற்றில் நிறைமாசம். தூரதேசத்துப் பிள்ளைக்குச் சாவு சொன்னால் சோறு இறங்காது என்று தெருவே சொன்னது. அவளும் படுக்கையில், "அதுக்குச் சொல்லாத அண்ணே, பெத்துப் பொழைக்கட்டும்" என்றாள். பிறகு பச்சை உடம்பு, பிறகு அயர்லாந்து வேலைக்கு நீ எழுதிய பரீட்சை, சொல்வதற்கு ஒரு நல்ல நாள் வரவே இல்லை. நீ கேட்கும்போதெல்லாம் அத்தைக்குக் காது மந்தம், போனில் பேசினால் புரியாது என்றோம். தாயில்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவள், அவள் குழியில் ஒரு பிடி மண் போட உன்னை விடவில்லை. உன் சித்தப்பா, என் தம்பி பாவாடையும் மாசியில் போய்விட்டான், சக்கரை வியாதியில் காலை எடுத்தார்கள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. இல்லாத ஆட்களை இருப்பதாக வைத்துக்கொண்டு நீ இரண்டு ஊரையும் எடை போடுகிறாய். அது தெரிந்த பிறகும் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அழுது முடித்துவிட்டு மாப்பிள்ளையோடு பேசி அயர்லாந்துக்கே சம்மதம் சொல்லிவிடு. பெரியவனுக்கு மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள், பெட்டியில் போட்டு விடாதே. அங்கே போனதும் பக்கத்து வீட்டாரிடம் நீயாகவே முதலில் பேசு. உன் பிள்ளைகள் தழைத்து, நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் வாழ வேண்டும். எனக்கு ஒன்று என்றால் மறைக்காமல் அன்றைக்கே உனக்குச் சொல்லக் கீதாஞ்சலியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், ஆனால் என்னை எடுத்துப் போவதைப் போனில் பார்க்காதே. சித்தப்பா மகன் பாலாஜி வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். நம்ம சனம் என்று சொன்னாயே, அதில் ஊரில் இப்போது உயிரோடு இருப்பது ஒரே ஆள். அந்த ஒரு ஆளுக்காக நான்கு பேர் திரும்பி வர வேண்டாம்.

இப்படிக்கு, பெருவிரல் ரேகை வைக்கும் அந்த ஒரு ஆள்,
உன் அப்பா ராசாங்கம்.