கிளாச்செடியில் விழுந்த பொட்டு

அன்புள்ள மீனாக்காவுக்கு,

கரவெட்டியிலிருந்து தம்பி அருட்செல்வன். இங்கே எல்லோரும் நல்ல சுகம். என் சுகத்தில் மட்டும் கொஞ்சம் முள்ளுக் கீறல். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். வாட்சப்பில் சொன்னால் அது சுவிஸ் மாமி வீடுவரை போய், நான் செடிக்குள் விழுந்து செத்ததாகத் திரும்பி வரும். அதனால்தான் கனடாவுக்கு வரும் ஜெரோசனிடம் ஊறுகாய்ப் போத்தலோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

என் மகனின் கலியாண வீடியோவால் வந்த வினை உங்களுக்குத் தெரியும். அதில் தங்கச்சி தனுசியாவின் மனிசன் சிவசுப்பிரமணியம் வருகிற இடமெல்லாம் வாயில் சோறு. நான்தான் வீடியோக்காரனுக்குச் சொல்லி அப்படி எடுப்பித்தேன் என்று அவள் என்னோடு கதையை நிறுத்தினாள். நானும் வீறாப்பில் நிறுத்தினேன். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் இருந்த பொட்டு, அதுதான் கறிச்சட்டியும் ஊர்க்கதையும் போய்வந்த அந்த ஓட்டை, அதையும் அடைக்கச் சொல்லி என் மனிசி வித்தியா உத்தரவு போட்டாள். நீங்களோ, "ரெண்டு பேரும் கதைக்கிற வரைக்கும் நான் ஊருக்கு வரமாட்டன். பெட்டியை எந்த வீட்டிலை கொண்டுபோய் வைக்கிறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

பொட்டை அடைக்க வித்தியா வாங்கிவரச் சொன்னது வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியால். நெல்லியடிச் சந்தியில் இரண்டு பேரோடு ஊர்ப்புதினம் கதைத்துவிட்டு நேர்சரிக்குப் போனபோது, என் வாயில் மிஞ்சியிருந்தது "கிளா" மட்டுந்தான். கடைக்காரரும், "நல்ல சாமான் ஐயா. எந்த வெயிலுக்கும் இலை கொட்டாது. முள்ளு ஆட்டையும் மறிக்கும், ஆளையும் மறிக்கும். காய் சிவந்து தொங்கேக்கை வளவுக்கே ஒரு வடிவு" என்று கன்றுகளைத் தூக்கித் தந்தார். வித்தியா பார்த்தாள். "கிளுவை கேட்டால் கிளாவோடை வந்து நிக்கிறியள். உங்கடை கொம்மா காது குத்தேக்கை ஓட்டையை மாறிக் குத்திப்போட்டாவோ?" என்றாள்.

ஆனாலும் வளர்த்தேன் அக்கா. ஆட்டெரு வைத்து, பின்னேரம் தண்ணீர் ஊற்றி, கத்தரித்து, என் பிள்ளைகளுக்குக் கூடச் செய்யாத பணிவிடை. மூன்றாம் வருடம் காய்த்துக் கொட்டியது. ஒரே கொப்பில் வெள்ளை, றோஸ், சிவப்பு, கறுப்பு. றோட்டால் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஒரே குறை, தண்ணீர் ஊற்றுவது நான், செடி காய்ப்பது வெயில் விழும் தனுசியாவின் பக்கம். அவளோ ஒரு காய் தொடமாட்டாள். விழுந்த பழத்தையும் விளக்குமாற்றால் என் பக்கம் கூட்டித் தள்ளுவாள்.

போன மாதம் அவளுடைய மகள் துஷாந்தினி தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வட்டுக்கோட்டையிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். புளிப்புக்கு ஆசை. தாய்க்குத் தெரியாமல் செடிக்குள் தலையை விட்டிருக்கிறாள். பின்னல் முள்ளில் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. பிள்ளை கத்தின கத்தலில் நாங்கள் செடியடிக்கு ஓடினோம். அந்தப் பக்கம் தனுசியா, இந்தப் பக்கம் நான். பிள்ளை நிலைதடுமாறி வயிறு முள்ளில் பட்டுவிட்டால்? என் கையில் செடி நறுக்கும் கத்தரிக்கோல் இருந்தது. "நுனிமயிர்தானே, வெட்டிவிடுறன்" என்றேன்.

"அண்ணை! தொட்டியெண்டால் தெரியும்! வயித்துப்பிள்ளைக்காரியின்ரை தலைமயிரை வெட்டுறதே? உன்ரை செடியை வெட்டண்ணை!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த "அண்ணை". அதற்குப் பிறகு எந்தக் கொப்பு, எந்தக் காய் என்று நான் பார்க்கவில்லை. பால் வடிய வடிய வெட்டினேன். கையெல்லாம் முள். பிள்ளை மெல்ல வெளியே வந்தாள். நான் வெளியே வந்தேன், இடுப்பில் கட்டியிருந்த சாரம் வரவில்லை. நல்லவேளை, அன்றைக்கு உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தேன். சத்தம் கேட்டுச் சிவசுப்பிரமணியம் மச்சான் ஓடி வந்தார், வாயில் அரை வடையோடு. பிறகு தனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உந்த வடையையும் வீடியோ எடுக்கச் சொல்லண்ணை" என்றாள். துஷாந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

அன்றே மருத்துவமாது வந்து பார்த்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது செடியின் நடுவில் ஓர் ஓட்டை. பழைய பொட்டு இருந்த அதே இடம். மாரி மழைக்குத் தளிர்த்து மூடிவிடும் என்கிறார் கடைக்காரர். தளிர் தலை காட்ட முன்னமே நான் நறுக்கிவிடுகிறேன். வித்தியா பார்த்தும் பார்க்காதவள் போல இருக்கிறாள். முந்தாநாள் அதே ஓட்டையால் முருங்கைக்காய்க் கறி வந்தது, வெறுஞ்சட்டி திரும்பிப் போகவில்லை. இந்தக் கிளாக்காய் ஊறுகாய் தனுசியா போட்டது, உப்புக் கூட்டினது வித்தியா. அதற்கு இரண்டு பேரும் நடத்திய சண்டையைக் கேட்க நீங்கள் இல்லையே என்று இருந்தது.

அக்கா, தை பிறக்க முன்னம் துஷாந்தினிக்குப் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். வாருங்கள். பெட்டி வாசல் படலையால் வரட்டும், எந்த வீட்டில் இறக்கினாலும் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்கள் மட்டும் பொட்டால் வரவேண்டும். கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வாருங்கள்.

கீறல் ஆறிவரும் உங்கள் தம்பி,
அருட்செல்வன்