ஆல்டோவை மட்டும் பாடினால்

1996 நவம்பர் 10, ஞாயிறு

காலை ஆராதனையில் பாடற்குழுவோடு நின்றேன். வாய் தானாகப் பாடியது. பின்வரிசையில் அப்பா நின்ற இடத்தை யாரும் நிரப்பவில்லை. பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர்கள் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டே நிற்கிறார்கள். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

அப்பா போய் மூன்று மாதம். நான் இன்னும் அழவில்லை. அடக்கத்தன்று பொற்கொடி அத்தை தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுதுபோடு அம்மணி, உள்ளயே வெச்சுக்காதே." உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே?

நவம்பர் 13, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார். அப்பா அங்கே கிளார்க்காக இருந்ததால் கிடைத்த குவார்ட்டர்ஸ் இது. வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொன்னார், காபியும் குடித்தார்.

அதற்குள் எனக்கு வேலை கிடைத்தால் அம்மாவும் நானும் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். இல்லாவிட்டால் மேட்டுப்பாளையம், அத்தை வீடு. எது இஷ்டம் என்று அம்மாவைக் கேட்டேன். "நீ சொல்றதுதான் கண்ணு" என்கிறாள். எனக்கே தெரியாததை நான் எங்கே சொல்ல?

நவம்பர் 17, ஞாயிறு

அத்தை வந்தாள், பை நிறைய பீன்ஸும் கேரட்டும். மாமா காய்கறி மண்டி வைத்திருப்பதால் அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை. அப்பாவின் தங்கை, அதே மூக்கு. அதைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

"ஏனுங்க அண்ணி, பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல என்ன பண்ணப்போறீங்க? நம்மூடு இருக்குதுங்களே."

நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. நான் பாடப் போவதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "துக்க ஊட்டுப் புள்ள மேடையேறிப் பாடுவாளாக்கும்?" என்றாள். அம்மா மெதுவாக, "ஆல்டோவுல ஆளு கம்மிங்க" என்றாள். பாடற்குழு நடத்தும் ஜெரோம் அண்ணன் சொல்வதை அப்படியே ஒப்பித்தாள். அத்தைக்குப் புரியவில்லை. பீன்ஸ் நார் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 21, வியாழன்

அவினாசி ரோட்டில் ஓர் இன்டர்வியூ. டைப்பிங் தப்பில்லாமல் அடித்தேன். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள். தெரியாது. வந்துவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

பெருந்துறைக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூ கார்டு. 14ஆம் தேதி சனிக்கிழமை, காலை பதினோரு மணி. அன்று சாயங்காலம்தான் கோயிலில் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ். அன்றைக்கேதான் மண்டி வேன் காலியாக இருக்கிறதாம், கட்டிலையும் பீரோவையும் முதலில் எடுத்துப் போக வருகிறேன் என்று அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். எல்லாருக்கும் அதே சனிக்கிழமை!

ஜெரோம் அண்ணனிடம் வர முடியாமல் போகலாம் என்றேன். "நீ இல்லீன்னா மத்த மூணு பேரும் சோப்ரானோவோட போய் ஒட்டிக்குவாங்க கிருபா. எப்படியாச்சும் வந்துரு" என்றார். உண்மைதான். பக்கத்தில் மேலே ராகம் பாடும் சோப்ரானோவின் பெரிய குரல் கேட்டால் அந்த மூன்று பேரும் அதன் பின்னாலேயே ஏறிவிடுவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தினமும் அப்பா சவரம் செய்துகொண்டே பேஸ் வரியைப் பாடிப் பழகுவார். அதற்கு நடுவில் ஆல்டோவைப் பாடிப் பாடி என் காது கல்லாகிவிட்டது.

காது மட்டுமா?

டிசம்பர் 14, சனி

பெருந்துறையில் மேனேஜர் கோபாலசாமி. நெற்றி நிறைய விபூதி, நிதானமான ஆள். பயோடேட்டாவில் 'பாடற்குழு' என்று இருந்ததைப் பார்த்தார்.

"ஒண்ணு பாடுங்க பார்க்கலாம்."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சாயங்காலப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், ஆல்டோ வந்துவிட்டது. முதல் அடி முழுக்க ஒரே சுரம், அப்புறம் அரைச் சுரம் இறங்கி மறுபடியும் அங்கேயே. நடுவில் தெரிந்துபோயிற்று. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. ஒரு சரணம் முழுவதும் பாடி முடித்தேன்.

"என்னங்க அம்மணி, ராகமே காணோம்?"

"இது ஆல்டோங்க சார். மத்தவங்க ராகம் பாடறப்ப கூடச் சேர்ந்து கீழ பாடறது."

"அப்பத் தனியாப் பாடுனா?"

"தனியாப் பாட மாட்டோமுங்க."

சிரித்தார்கள். எனக்குக் கூச்சம்கூட வரவில்லை. பிறகு ஒரு கடிதத்தை டைப் அடிக்கக் கொடுத்தார்கள், அடித்தேன். கம்ப்யூட்டரை அவர்களே பழக்குவார்களாம்.

திரும்பும்போது அவினாசியில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. கோயிலுக்குள் நுழைந்தபோது இரண்டாவது பாட்டு. தூசிப் புடவையோடு போய் நின்றேன். என் மூன்று ஆல்டோக்களும் அதற்குள் மேலே ஏறியிருந்தார்கள். இழுத்து இறக்கினேன்.

வீட்டில் கட்டில் இல்லை. அம்மா பாயை விரித்துவைத்திருந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

பெருந்துறை வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்க கோயில் இருக்குதா கண்ணு?"

அத்தைக்கு போன் செய்தேன். "அப்பக் கட்டிலை எங்க கொண்டாந்து போடறது?" என்றாள். சந்தோஷமா, கோபமா? என்னைப் பற்றியும் எனக்கு அதே கேள்விதான்.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் பேப்பரில் தம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பங்கரையில் ஏதோ முனகினாள். அம்மா வீட்டில் பாடி நான் கேட்டதே இல்லை. நாலு சுரம், தடதடவென்று கீழே இறங்குகிறது.

"என்ன பாட்டும்மா அது?"

"கேரல் சர்வீஸ்ல நீங்க பாடுனதுதான்."

"அது இப்படி இருக்காதே."

"கோயில்ல வேற மாதிரிதான் பாடுவாங்க. ஊட்டுல இப்படித்தான்" என்றாள்.

பேஸ். அப்பாவின் வரி. அத்தனை வருஷமும் சவரக் கண்ணாடிக்கு முன்னால் கேட்டதை அவள் பாட்டென்றே எடுத்துவைத்திருக்கிறாள். மூச்சு விடும் இடம்கூட அவருடையது.

"நிறுத்தாதே, பாடு" என்று நானும் ஆல்டோவைச் சேர்த்தேன். இரண்டாவது அடியில் குரல் போய்விட்டது. அய்யோ, அப்பா. அப்பா இல்லையே. இல்லவே இல்லையே இனிமே—

அம்மா திரும்பிப் பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை. நான் அழுது முடிக்கும் வரைக்கும் அதையே பாடிக்கொண்டிருந்தாள்.

1997 ஜனவரி 5, ஞாயிறு, பெருந்துறை

இங்கே கோயில் சின்னது. பாடற்குழு கிடையாது, எல்லாரும் ராகத்தைத்தான் பாடுகிறார்கள். அம்மாவும் நானும் கடைசிப் பெஞ்சில் நின்று எங்கள் வரிகளைப் பாடினோம். முன்பெஞ்சுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.