கண்மூடிக் கேட்கும் நேரம்

டிசம்பர் 9, செவ்வாய்

டிக்கெட் கவுண்டரில் மைக் இன்றும் மக்கர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆளாளுக்கு முணுமுணுக்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு அவர் கேட்காத ஊருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டேன். வரிசையில் எல்லோரும் என்னை முறைத்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து மைக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். நல்லா இருந்தால் ஏன் எனக்குக் கேட்கவில்லை? வேலை தெரியாத ஆளை அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டில் மனைவியோடும் நிலைமை சரியில்லை. இவள் வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. முன்பெல்லாம் சமையலறையிலிருந்து ஓயாத பேச்சு. கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசேன் என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட காலம் உண்டு. இப்போது என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க." என் மேல் அப்படி என்ன கோபம்?

டிசம்பர் 20, சனி

நெட்டையின் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இன்னும் கடை வாசலில் குனிந்துதான் நுழைகிறான். வழக்கம்போல ஜனவரியில் கடற்கரைப் பறவைக் கணக்கெடுப்பு. அவன், அவன் அக்கா, நான். அக்கா பள்ளிக்கூட டீச்சர். அவனுக்கு அக்கா என்றால் எனக்கும் அக்காதான், அதட்டல் உட்பட.

"போன தடவை மாதிரி பனி இருந்தா என்னடா பண்றது?" என்றேன்.

"பனி இருந்தா என்ன, காது இருக்கில்ல" என்றான்.

காது என்பது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என் நோட்டுதானே. கரையில் போய் உட்கார்ந்ததும் பைனாகுலரைத் தொடுவதற்கு முன் மூவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் பேசக்கூடாது. நான் மட்டும் கேட்டதைக் கேட்டபடி பெயர் சொல்வேன். அதற்குக் கண்மூடி நேரம் என்று பெயர். சட்டம் நான் போட்டது. அந்த ஒரு வேளைக்காகத்தான் வருஷம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

ஜனவரி 3, சனி

இவள் இன்று நாள் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. யார் இறங்கி வருகிறார்கள் பார்ப்போம்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நெட்டையின் காரில் கிளம்பினோம். கழிமுகத்தை அடைந்தபோது பனி தண்ணீரையும் சேற்றையும் ஒன்றாக மூடியிருந்தது. குளிர் ஸ்வெட்டருக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. அக்கா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். உடைந்த படகு ஒன்றின் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார். கண்ணை மூடினோம்.

தூரத்தில் ஒரு குதிரைமூக்கன். அந்த நீண்ட, வளைந்த அலகுக்காரனின் குரல் கனமானது, எங்கிருந்தாலும் தெரியும். சொன்னேன். பிறகு கடற்காகங்கள். சொன்னேன். பிறகு ஒன்றுமில்லை. அலை மட்டும்.

உள்ளான்கள் எங்கே? இந்தச் சேற்றில் கூட்டம் கூட்டமாகச் சின்ன உள்ளான்கள் இருக்க வேண்டும். இந்த வருஷம் வரவில்லையா? எங்கோ தண்ணீர் வற்றிவிட்டதா? பொறுக்க முடியாமல் என் சட்டத்தை நானே மீறிக் கண்ணைத் திறந்தேன்.

பனி விலகத் தொடங்கியிருந்தது. எங்கள் காலடியிலிருந்து கல்லெறி தூரத்தில் சேறு முழுக்கக் கொசு உள்ளான்கள். குட்டிக் குட்டியாக, கொத்துவதும் ஓடுவதுமாக. ஒன்று இன்னொன்றைத் துரத்தியது. அதன் அலகு திறந்து மூடியதைப் பார்த்தேன். திறந்து மூடியது. சத்தமில்லை.

திரும்பிப் பார்த்தேன். நெட்டையும் அக்காவும் கண்ணை மூடியபடி முகத்தைச் சேற்றுப் பக்கம் சாய்த்திருந்தார்கள். அக்காவின் உதட்டில் சிரிப்பு. அவர்களுக்குக் கேட்கிறது. எல்லாம் கேட்கிறது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டு, "அவ்வளவுதான், வேற எதுவும் இல்ல" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

நெட்டை சொன்னான்: "ஆமாடா. இன்னைக்கு ஒண்ணுமே இல்ல."

அந்த ஆமாம்தான். அதுதான் தாங்கவில்லை.

"எத்தனை நாளா இந்த நாடகம்?" என்று கத்தினேன். உள்ளான்கள் மொத்தமாக எழும்பிப் போய்விட்டன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காதான், "போன வருஷமே தெரிஞ்சுது தம்பி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"அதனால? சும்மா தலையாட்டிக்கிட்டு இருந்தீங்களா? நான் என்ன சின்னப் பிள்ளையா, விளையாட்டுல ஜெயிக்க விட?"

திரும்பி வரும் வழியெல்லாம் யாரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ.

ஜனவரி 12, திங்கள்

லீவு போட்டேன். காலையில் சமையலறை வாசலில் நின்றேன். இவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் தாடை அசைந்தது. ஈரக் கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ நியாயம் சொல்வதுபோல. இவள் பேசிக்கொண்டிருக்கிறாள். இவள் நிறுத்தவே இல்லை.

"என்ன சொன்னே?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னையே பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல, விடுங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் அழுகிற அழுகையா அது. இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதருகே வாயை வைத்து, "எனக்கு எப்பவோ தெரியுங்க. சொன்னா சண்டைக்கு வருவீங்களே" என்றாள்.

வந்திருப்பேன். சந்தேகமே இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

காது பரிசோதனை. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் சுறுசுறுப்பாக அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருக்கிறாள், என் கையைப் பார்க்கிறாள். அவளுக்குப் பாவமாக இருக்குமே என்று குருட்டாம்போக்கில் ஒரு தடவை அழுத்தினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சுங்க ஐயா. போனது திரும்பாது. கருவி வச்சா பேச்சு நல்லாக் கேக்கும்."

"பறவை?" என்றேன்.

"பெருசா கத்துறது கேக்கும். கீச்சுக் குரல் கஷ்டம்தான்."

வெளியே வந்ததும் இவள் என்ன சொன்னாங்க என்று கேட்டாள். பேச்சு கேட்கும் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 4, புதன்

கருவி வந்தது. உலகம் இவ்வளவு இரைச்சலா? செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் உரசுகிறது. என் செருப்பே என்னைத் துரத்துகிறது. கவுண்டர் மைக் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை மனசுக்குள் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் இவள், "வந்துட்டீங்களா" என்றாள். யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி தேடினேன். இவள் குரல் கரகரத்து, நுனி தேய்ந்து போயிருந்தது. என் நினைவில் இருந்தது வேறு குரல். இவள் குரலுக்கு எப்போது வயதாயிற்று? நான் கூடவேதானே இருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நெட்டை மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மாத்திரை வேண்டுமானால் தெருக்கோடிக் கடையில் வாங்குகிறேன். அங்கே விலை கூட. இருக்கட்டும்.

நவம்பர் 27, வெள்ளி

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன், இவள் வழியை மறித்து நின்றுகொண்டாள்.

"தம்பி, பொய் சொன்னது தப்புதான். திட்டுறதுன்னா திட்டிடுங்க. ஆனா அவன் கடையில உட்கார்ந்து தினமும் தெருவையே பாத்துக்கிட்டிருக்கான். அதை என்னால பாக்க முடியல."

நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

"இனிமே கண்மூடி நேரம் வேண்டாம். பார்த்து எண்ணிட்டு வந்துடுவோம். போதும்" என்றார்.

"ஏன் வேண்டாம்?" இவள்தான் கேட்டாள். "நானும் வர்றேன். எனக்குக் காது நல்லாத்தானே இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து, சேற்றில் நிற்க ஒரு நாளா என்று என்னைக் கிண்டல் செய்தவள்.

ஜனவரி 10, ஞாயிறு

போனோம். நெட்டை கார் கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். "ஏறவா, இல்ல நின்னுக்கிட்டே வரவா?" என்றேன். அவன் சிரித்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பனி போன வருஷத்தைவிடக் கனம். படகின் மேல் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். கண்ணை மூடினோம். குதிரைமூக்கன் கத்தியது, எனக்கே கேட்டது, சொன்னேன். அப்புறம் அமைதி. போன வருஷ அமைதி. எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அப்போது இவள் என் காதருகே குனிந்து, அவளுடைய அந்தக் கரகரத்த அடிக்குரலில், "தியூ, தியூ, தியூ" என்றாள். எருமை சீட்டியடித்த மாதிரி இருந்தது. நெட்டை குலுங்கிச் சிரித்தான். இவள் விடவில்லை: "இப்படித்தாங்க ஒண்ணு கத்துது. உங்களுக்குக் கேக்கற மாதிரி இறக்கிச் சொன்னேன். என்ன அது?"

"பச்சைக்கால் உள்ளான்" என்றேன்.

"சரிதான் தம்பி" என்றார் அக்கா. எழுதிக்கொண்டார்.

இவள் அடுத்ததைச் சொன்னாள். அதற்கும் பெயர் சொன்னேன். ஒன்று பிடிபடவில்லை, மறுபடி சொல்லச் சொன்னேன், மறுபடி சொன்னாள். இவள் வீட்டில் ஒரு நாளும் பாடியதில்லை, பாடச் சொன்னால் அடிக்க வருவாள். இத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் கூவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு சத்தம் இவளுக்கு வரவில்லை. உதட்டைக் குவித்தாள், வெறும் காற்றுதான் வந்தது. "ரொம்பப் பொடிசா இருக்குங்க. நிறைய இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கொசு உள்ளான்தான். வேறு எதுவாக இருக்க முடியும்? அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குள் தேடினேன். பெயர் இருந்தது, நிறம் இருந்தது, ஓடுகிற ஓட்டம் இருந்தது. குரல் இல்லை. காதிலிருந்து போனது சரி, நினைவிலிருந்துமா?

"எனக்கு அந்தக் குரலே மறந்துபோச்சு" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் நல்லாக் கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுபடியும் கண்ணை மூடினாள். நான் காத்திருந்தேன்.