கலப்புக்காரிக்கு வராத நோய்

அண்ணா,

ஜெயில்ல உன்னை அடிக்கிறாங்களா? வக்கீலைக் கேட்டா பேச்சை மாத்துறார்.

"அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம். உங்களை மாதிரி கலப்புக்காரங்களுக்கு இந்த நோய் வராது, உன் தங்கச்சி நடிக்கிறா"ன்னு டாக்டர் சொன்னதும் நாற்காலியால அவர் தாடையை உடைச்சியே, அவரால இன்னும் மெல்ல முடியலையாம்.

அவருக்குப் பதிலா வந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான், நரம்போட உறையை அரிச்சு, நடக்கும்போதே விழவைக்கிற நோய்.

"அப்போ எங்க ஆளுங்களுக்கும் வருமா?"ன்னு கேட்டேன்.

"எத்தனை பேருக்கு இருக்குன்னு யாரும் தேடிப் பார்க்கலம்மா. தேடாமலேயே இல்லைன்னு சொல்லிட்டோம்"னாங்க.

ஜெயிச்சிட்டோம்னு துள்ளாதே. நீ அடிச்சப்போ அந்த டாக்டரோட ரத்தம் என் முகத்துலதான் தெறிச்சுது.

விசாரணைக்கு நடந்தே வருவேன். உன் கண்ணெதிரே விழுந்தாலும் விழுவேன். கூண்டைத் தாண்டிக் குதிக்காதே. என்னைத் தூக்கிவிட வர்றவங்களை அடிச்சிடாதே.

உன் தங்கச்சி