அக்கா பாதியில் விட்ட கவுன்

என் லூர்துக்கா,

உன் மகள் ஜெனிக்கு நீ பின்னத் தொடங்கிய கவுன் சேரவில்லை. இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும். போன வாரம் போட்டுப் பார்த்தோம். கை நுழையும்போதே அக்குளில் பிடித்தது. முதுகுப் பக்கம் பட்டனும் அதை மாட்டுகிற வளையமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நீ அளவெடுத்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது மூன்று முடிந்துவிட்டது. இந்த வருடம் முழுக்க நான் குரோஷா ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டு, போட்டதைப் பிரித்து, மறுபடி போட்டு, ஒருவழியாக முடித்தேன். அதற்குள் அவள் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டாள்.

எனக்குள் நடப்பதை யாரிடமும் காட்டாதவள் நான். உனக்குத் தெரியும். இதை மட்டும் நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுகிறேன். வீட்டுக்குள் என் குரல் எழும்பவில்லை அக்கா. யாராவது படித்துவிட்டால் பிறகு நான் பின்வாங்க முடியாது அல்லவா?

இந்த மாதக் கடைசியில் உனக்கு வருஷப் பூசை. கிளியனூரிலிருந்து உன் புகுந்த வீட்டார் வருகிறார்கள். பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு பேசி முடித்துவிடுவார்களாம். தை பிறந்ததும் எனக்கும் மாமாவுக்கும் கோயிலில் கல்யாணம். சாமியாரிடம் அனுமதி கேட்க அப்பா ஒருமுறை போய்வந்துவிட்டார். யாரும் என்னை மிரட்டவில்லை, அழுது கெஞ்சவும் இல்லை. தண்ணீர் பிடிப்பது, ஜெனிக்குத் தலை வாருவது என்று நான் செய்கிற வேலைகளோடு அதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சரி என்றால், நீ இருந்த இடத்தில் போய் நான் இருக்க வேண்டும். மாட்டேன் என்றால், மாமாவுக்கு வேறு பெண் பார்ப்பார்கள், ஜெனியைக் கிளியனூருக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நீ போன நாளிலிருந்து அவள் என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். தூக்கத்தில் என் காது மடலைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? நீயே சொல்லேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நீ. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குழம்புக்கு மீன் வாங்கி வருகிறேன், குழந்தை எழுந்தால் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனாய். குழந்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

உன் பை நம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கவுன், கடைசி வளையத்தில் ஊசி செருகினபடியே. கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற வேலை அது. மார்பு முடிந்து, பாவாடை தொடங்கிக் கொஞ்சம் போயிருந்தாய். அம்மா மட்டும் அவ்வப்போது அதை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்ப்பாள். உப்பு வாரி வெடித்த விரல் நூலில் மாட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்ப்பாள். அப்புறம் ஒருநாள் சொன்னாள்: “அவ உட்டத நீயாச்சும் முடிடி.”

அதற்காகத்தான் நான் குயிலாப்பாளையம் போனேன். பெண்களுக்குக் கைவேலை சொல்லித்தருகிற இடம் ஒன்று அங்கே இருக்கிறது. உன்னைக் கொண்டுபோன கடல் ஊருக்குள்ளும் வந்துபோன பிறகு நம் பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டார்கள். உப்புப் பாத்தியெல்லாம் சேறு நிரம்பி அப்பா அம்மாவுக்கு வேலை இல்லாத மாதங்கள் அவை. அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் பல்கீஸ். கோட்டக்குப்பத்துக்காரி, என்னைவிட ஒரு வயது சின்னவள், புருஷன் துபாயில். வாய் ஓயாது, ஊசியும் ஓயாது.

“என்னாடி இது, நூல கழுத்த நெரிச்சு வச்சிருக்க? அதுக்கு மூச்சு வாணாமா?”

“இறுக்கிப் புடிச்சாத்தான நிக்கும்?”

“நிக்க வைக்க இது என்ன மாடா, கயிறு போட்டுக் கட்ட? வளையம் போடு. அடுத்த வளையத்த அதுக்குள்ளாற இழு. உடு. அவ்ளோதான். புக்கு படிக்கிறவங்களுக்கெல்லாம் கை இப்டித்தான் இருக்குமா, இல்ல நீ மட்டும் ஸ்பெஷலா?”

சிரித்தேன் அக்கா. நீ போன பிறகு முதல்முறை. சிரித்துவிட்டேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

இப்போதெல்லாம் எந்தப் பின்னலைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். நூல் முனையை எங்கே மறைத்திருக்கிறார்கள், எங்கே புது நூல் சேர்த்திருக்கிறார்கள் என்று தேடுகிறேன். நம் கோயில் பீடத்து விரிப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பின்னல் உண்டு, நினைவிருக்கிறதா? சின்ன வயதிலிருந்து அதற்கு எதிரே முழங்காலில் இருந்திருக்கிறேன். இந்த வருடம்தான் அது என் கண்ணில் பட்டது. மூலை திரும்புகிற இடத்தில் யாரோ ஒருத்தி தடுமாறி, ஒரு வளையம் கூடுதலாகப் போட்டுச் சமாளித்திருக்கிறாள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அன்று பூசையில் வேண்டிக்கொண்டேன்.

உன் கவுனையும் அப்படித்தான் படித்தேன். உன் கை தளர்வான கை. வளையங்கள் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் போகின்றன. நடுவில் சில இடங்களில் வேலை நின்று தொடர்ந்திருப்பது தெரிகிறது. ஜெனி அழுதிருப்பாள், அடுப்பில் பால் பொங்கியிருக்கும். ஆனால் மார்புக்குக் கீழே ஒரு வரிசை, ஒரே ஒரு வரிசை, என் கையைவிட இறுக்கமாக இருக்கிறது. ஊசி நுனி கூட நுழையவில்லை. அன்றைக்கு என்ன அக்கா? யார் என்ன சொன்னார்கள்? அந்த வீட்டில் நீ சந்தோஷமாக இருந்தாயா?

ஒவ்வொரு முறை வரும்போதும் நான் படித்த கதையை நீ கேட்பாய். நீ உன் கதை எதையும் சொன்னதில்லை. இப்போது அந்த வீட்டுக்குத்தான் என்னைப் போகச் சொல்கிறார்கள். எனக்கு இருக்கிற தகவல் இந்த ஒரு வரிசைதான்.

போட்டுப் பார்த்த அன்றைக்கு ஜெனி ஒரு ஆட்டம் ஆடிவிட்டாள். முதலில் கண்ணாடி வேண்டும் என்றாள். பிறகு, “சித்தி, புடிக்குது! கழட்டு!” என்று கத்தினாள். அம்மா விடவில்லை.

“கொஞ்சம் எக்கிக்கோடி என் தங்கம். இழுத்து உடு அமலா, போவும்.”

“போவாதும்மா. சின்னதாப் போச்சு.”

“எங்க சின்னது? எவ்ளோ அழகாகீது பாரு. அவ போட்டது எது, நீ போட்டது எதுன்னே தெரியல. ஒரே கை போட்ட மாதிரி.” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் அப்டித்தான்டி. மொதல்ல வேற மாதிரிதான் இருக்கும். போவப் போவ ஒண்ணாயிடும்.”

அம்மா எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா, அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதா, அல்லது பார்க்க விருப்பம் இல்லையா? உன் கை முடிந்து என் கை தொடங்குகிற இடம், இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி தெரிகிறது. உன்னைப் போல் தளர்த்திப் போட நான் எவ்வளவோ பழகினேன். கொஞ்ச தூரம் வரும், பிறகு என்னை அறியாமல் இறுகிவிடும்.

அன்று சாயங்காலம் மாமா ஜெனியைப் பார்க்க வந்தார். உப்பு லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து கவுனை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அந்த இறுகிய வரிசையைக் காட்டிக் கேட்டேவிட்டேன்.

“மாமா, இத போடும்போது அக்கா உங்ககூட எதுனா சண்ட போட்டுச்சா?”

“எத்தினியோ வாட்டி போட்டிருக்கா. எதுன்னு சொல்றது?” சிரிக்க ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திவிட்டார். “நீ எங்கூட பேசறதே இப்பதான். என்னான்னு கேளும்மா, கேக்கணும்னு நெனைக்கிறத.”

“உங்களுக்கு இதுல இஷ்டமா?”

“என்னயும் யாரும் கேக்கலம்மா.” கவுனை மடித்தார், மறுபடி விரித்தார். “உன் கொரலு அவ கொரலு மாதிரியே இருக்குது. நீ உள்ள பேசிக்கினு இருந்தீன்னா, நான் எறங்காம லாரிலயே உக்காந்துக்குவேன். உனக்குத் தெரியாது. வீட்லயே அந்தக் கொரலு கேட்டுக்கினே இருந்தா, நான் எங்க போயி உக்கார்றது?”

“அப்போ வேணாம்னு சொல்லுங்க மாமா.”

“சொன்னா எங்கம்மா வேற பொண்ணு பாப்பாங்க. வர்றவ ஜெனிய எப்டி வச்சுக்குவாளோ. நீன்னா எனக்கு அந்த பயம் இல்ல. அதான் வாய மூடிக்கினு கீறேன்.”

“அவள இங்கியே உடுங்க. நான் வளக்கறேன்.”

“அவளும் இல்லன்னா அந்த வீட்ல எனக்கு யாரும்மா இருக்கா?”

நீயாக இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய்? என்னைக் கட்டிக்கொள்ள அவர் துடிக்கிறார் என்று நினைத்திருந்தவரை, அவர்மேல் கோபப்பட்டாவது பொழுதை ஓட்டினேன். இப்போது அதுவும் போய்விட்டது. ஒரே குழந்தையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். விட்டால் விழுந்துவிடுகிறவர்கள் நாங்கள்தான்.

பல்கீஸிடம் கவுனைக் காட்டினேன். கழுத்திலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் பெரிதாகப் போடு என்றாள். “நூலு எங்கடி போவப்போவுது? அப்டியேதான் இருக்கும்.” கேட்ட மாத்திரத்தில் கவுனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “உன்துல மட்டும் கை வை,” என்றாள் மெதுவாக.

நேற்று மழை. வெளியே பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தன. கதவோரம் உட்கார்ந்து, நான் போட்டதை மட்டும் பிரித்தேன். மாதக்கணக்கில் செய்த வேலை, இழுக்க இழுக்க ஓசையில்லாமல் கழன்று வந்தது. ஜெனி நூலைப் பந்தாகச் சுற்றினாள். அவளுக்கு ஒரே குஷி. நீ நிறுத்திய இடம் வந்ததும் நானும் நிறுத்திவிட்டேன். உன் வேலை உன் அளவில் அப்படியே இருக்கிறது. அதற்குமேல் அதில் ஒரு வளையமும் நான் சேர்க்க மாட்டேன்.

அம்மா பார்த்துவிட்டாள். “பாவி, பிரிச்சிட்டியா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்: “அப்போ, மாட்டேன்றியா?”

என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை அக்கா. ஆனாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது. அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும் என்று பல்கீஸ் சொல்லியிருந்தாள்; அப்படியே தொங்கவிட்டிருக்கிறேன். அது காய்வதற்குள் இன்று காலை ஜெனிக்கு அளவெடுத்தேன். கழுத்து, மார்பு, தோளிலிருந்து முட்டி வரை. கூச்சம் தாங்காமல் நெளிந்தாள். இது நான் தொடங்குகிற கவுன். இறுக்கமாகத்தான் வரும். என் கை அப்படி.

பூசை அன்று எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்ததும், யாரும் ஆரம்பிக்கும் முன்னால் நானே பேசப்போகிறேன். மாமா என் பின்னால் ஒரு வார்த்தை சொல்வாரா, வழக்கம்போல லாரியில் போய் உட்கார்ந்துவிடுவாரா, தெரியாது. ஜெனியை அன்றைக்கே அழைத்துப் போய்விடுவார்களோ, அதுவும் தெரியாது. சரி என்று சொல்லிவிடலாமா என்று இதை எழுதும்போதும் ஒரு மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் உன் மடியில் முகத்தை வைத்து அழுதிருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஜெனி எந்த வீட்டில் வளர்ந்தாலும், வருடந்தோறும் அவள் உயரத்துக்கு ஒரு கவுன் என் கையால் போகும். பிறர் அனுப்புகிற அளவுக்குப் போட மாட்டேன். அளவெடுக்க நானே போவேன். உள்ளே கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால், அவள் வெளியே வரும்வரை அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கையாக மட்டுமே இருக்க முடிந்த,
அமலா